தொற்றுநோய்த் தடுப்பு ஆட்களுக்குப் பினாங்கு தானே சம்பளம் கொடுக்க முடியாதா?

பட்டர்வொர்த்தில் இருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது. கோவிட் காலத்தில் அவருடைய தங்கை ஒரு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்திருக்கிறார். ஒப்பந்தம் முடிந்ததும் அவரையும் கூட இருந்தவர்களையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர்கள் தாமானில் (குடியிருப்பில்) டிங்கிக் காய்ச்சல் ஓயவில்லை. வீடு வீடாகப் பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் புது முகங்கள். "வீட்டுக்கு ஊராட்சி மன்றம் வாங்கும் மதிப்பீட்டு வரியில் ஆண்டுக்குச் சில வெள்ளி (ரிங்கிட்) கூட்டினால் பினாங்கு தன் சொந்த ஆட்களை வைத்துக்கொள்ளலாமே? நோய் வரும்போது ஆள் எடுத்தால் போதும் என்கிறார்களே, அது சரிதானா?" என்று கேட்கிறார். தங்கை மறுபடியும் அப்படி ஒரு வேலைக்குப் போகலாமா என்பதையும் கடைசியில் சேர்த்திருக்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பணம் யார் கொடுப்பது என்பது ஒன்று. அந்தப் பணம் எந்த வடிவத்தில் வர வேண்டும் என்பது இன்னொன்று. பேச்செல்லாம் முதலாவதைப் பற்றியே நடக்கிறது. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் ஆளையும் வேலையையும் காப்பாற்றுகிறது, அல்லது கெடுக்கிறது. நான் சுற்றுப்புறச் சுகாதாரம் படித்துவிட்டு பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையிலும் தீவிலும் மாவட்டச் சுகாதார அலுவலகங்களில் வேலை பார்த்தவள். பிறகு இளையவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள். பட்ஜெட் தயாராகும் மேசையில் நான் உட்கார்ந்ததில்லை. அதனால் நிதி பற்றி நான் சொல்வதெல்லாம் அந்தப் பணத்தை வாங்கிச் செலவழித்த இடத்தில் இருந்து பார்த்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்போது யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி மருத்துவமும் மருத்துவமனைகளும் கூட்டரசின் பொறுப்பு. பொதுச் சுகாதாரமும் நோய்த் தடுப்பும் கூட்டரசு, மாநிலம் இரண்டுக்கும் பொதுவானவை. ஊராட்சி மாநிலத்துடையது. நடைமுறையில் மாவட்டச் சுகாதார அலுவலகம், கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசாங்கச் சுகாதார நிலையம், அங்குள்ள மருத்துவ அதிகாரி, ஆய்வாளர், பொதுச் சுகாதார உதவியாளர் எல்லாருமே சுகாதார அமைச்சின் ஆட்கள். சம்பளம் புத்ராஜெயாவில் இருந்து வருகிறது. வடிகால், எலி, உணவுக்கடை உரிமம், தெருநாய் எல்லாம் தீவில் பினாங்கு மாநகர் மன்றத்தையும் அக்கரையில் செபராங் பிறை மாநகர் மன்றத்தையும் சேர்ந்தவை. கொசு மட்டும் இரண்டு பேருக்கும் பொது. 2015 செப்டம்பரில் பினாங்கில் நாய்களுக்கு வெறிநோய் வந்தபோது இந்தப் பிரிவினை எல்லாருக்கும் நேராகவே தெரிந்தது. கடிபட்டவருக்கு ஊசி போட்டது ஒரு துறை, நாய்க்கு ஊசி போட்டது இன்னொரு துறை, நாயைப் பிடித்தது ஊராட்சி மன்றம். மூன்றுக்கும் மூன்று பட்ஜெட்.

வீட்டில் கொசுப்புழு கண்டால் அதிகாரி எழுதிக் கொடுக்கும் 500 வெள்ளி அபராதம் இந்த வேலைக்கே திரும்பி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைச்சின் அதிகாரி விதிக்கும் தொகை கூட்டரசின் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. மருந்து தெளித்தவரின் சம்பளத்துக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. அப்படி இருப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. அபராதத்தை நம்பிச் சம்பளம் என்று வந்துவிட்டால், புழுவைத் தேடுகிற கண் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

அடுத்து, வடிவம். அரசாங்கத்தில் பணம் இருப்பதும் 'போஸ்ட்' இருப்பதும் வேறு வேறு. நிரந்தரப் பதவி ஒன்றை உருவாக்கப் பொதுச் சேவைத் துறையின் ஒப்புதல் வேண்டும். அது கிடைத்தால் அந்தச் சம்பளம் ஆண்டுதோறும் 'எமோலுமென்' எனும் சம்பளக் கணக்கில் தானாக ஏறிவிடும். யாரும் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பதவி கிடைக்கவில்லை, ஆனால் நோய் கைமீறிப் போகிறது என்றால், சிறப்பு ஒதுக்கீடு வரும். அதில் தினக்கூலிக்கோ ஆறு மாத ஒப்பந்தத்துக்கோ ஆள் எடுப்பார்கள். ஒதுக்கீடு தீர்ந்தால் ஆளும் இல்லை. கோவிட் செலவுக்கென்று 2020இல் தனிச் சட்டம் போட்டு உருவாக்கிய நிதி 2022 இறுதியோடு முடிந்தது. அந்தப் பணத்தில் வந்த தற்காலிக ஆட்களும் போனார்கள். உங்கள் தங்கை சரியாக வேலை செய்யாததாலோ ஆள் தேவைப்படாததாலோ அனுப்பப்படவில்லை. அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு அரசாங்கப் பதிவேட்டில் எண்ணே இல்லை. காரணம் அவ்வளவுதான்.

அதே சமயத்தில் டிங்கி என்ன செய்தது என்று பாருங்கள். 2019இல் நாடு முழுக்க 1,30,101 பேருக்கு டிங்கி, 182 மரணம். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், 2021இல், 26 ஆயிரம் சொச்சமாக இறங்கியது. 2023இல் திரும்ப 1,23,133, மரணம் 100. ஆட்கள் குறைந்ததால்தான் ஏறியது என்று நான் சொல்ல மாட்டேன். டிங்கி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தானே ஏறி இறங்கும். வைரஸின் நான்கு வகைகளில் எது மேலோங்குகிறது, மழை எப்படி, மக்கள் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்று பல காரணங்கள் சேர்ந்துதான் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன. ஆனால் இது மட்டும் உறுதி: ஒரு நோய்க்காக வந்த பணம் அந்த நோயோடு போய்விட்டது, அடுத்த நோய் ஏறிய ஆண்டில் பழகிய கைகள் அங்கே இல்லை.

பழகிய கை என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு ஒரு நாள் வேலையைச் சொல்ல வேண்டும். தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 1988இன் கீழ் டிங்கி, காலரா, உணவு நச்சு போன்றவற்றை மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காலையில் ஒரு பெயர், ஒரு முகவரி, காய்ச்சல் தொடங்கிய தேதி வருகிறது. அன்றே அந்த வீட்டில் நிற்க வேண்டும். நோயாளியின் வீட்டைச் சுற்றி 200 மீட்டருக்குள் இருக்கிற வீடு, கடை, சூராவ், கோயில், காலி மனை எல்லாவற்றையும் தேட வேண்டும். முகவரியில் எழுதியிருப்பது பெரும்பாலும் அடையாள அட்டையில் இருக்கிற பழைய வீடு. ஆள் இருப்பது வேறு இடத்தில். முதல் போனில் அதைக் கண்டுபிடிக்கிறவரும் உண்டு, மூன்று நாள் கழித்துக் கண்டுபிடிக்கிறவரும் உண்டு. அந்த மூன்று நாளில் கொசு அடுத்தடுத்த வீடுகளில் வேலையை முடித்திருக்கும்.

நான் கூட்டிப்போன புதிய பிள்ளைகள் நம் வீடுகளுக்குள் வந்தால் முதலில் பின்பக்கம் போய் டயரையும் வாளியையும் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. வீட்டுக்காரம்மா கவிழ்த்து வைத்திருப்பார். பழகியவர் நேராகக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டைத் தொடுவார். பிறகு "அம்மா, சாமி மேடையைப் பார்க்கலாமா?" என்று கேட்பார். கேட்காமல் கை வைத்தால் அடுத்த முறை கதவே திறக்காது. வெள்ளிக்கிழமை வைத்த சொம்புத் தண்ணீர் அடுத்த வெள்ளி வரை அப்படியே இருக்கும் வீடு உண்டு. அந்தச் சொம்பைச் சாய்த்து டார்ச் அடித்தால் ஓரத்தில் கருப்புப் புள்ளி மாதிரி முட்டைகள். அவை காய்ந்து போனாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று பாட்டிக்குத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பக்கத்துச் சீன வீட்டில் அதே விஷயத்தை ஹொக்கியனில் சொல்ல இன்னோர் ஆள் வேண்டும். இவை எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. ஒரே பேட்டையில் ஆண்டுக்கணக்கில் நடந்தால்தான் வரும்.

தைப்பூசம் இன்னும் நல்ல உதாரணம். தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள். இரவிலே சமைத்த சாதம் மறுநாள் மதியம் வரை பரிமாறப்படும் இடம் எது, ஐஸ் எங்கிருந்து வருகிறது, எந்தப் பந்தலில் சமைக்கிறவர்கள் டைபாய்டு ஊசி போட்டிருக்கிறார்கள் என்பதைத் திருவிழாவுக்கு வாரங்கள் முன்பே பந்தல்காரர்களிடம் பேசி வைக்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டிவிட்டு வருவதால் நடக்காது. போன வருடம் வந்து பேசிய அதே அக்கா இந்த வருடமும் வந்தால், "வாங்க, அரிசி ஊறப்போட்டாச்சு, வந்து பாருங்க" என்பார்கள். புது ஆள் போனால் லைசென்ஸ் கேட்க வந்திருக்கிறார் என்று பேச்சு நின்றுவிடும்.

நம்பிக்கையைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கப்பலில் வந்த நம் முன்னோரை நோய்த் தனிமைக்காக ஜெரெஜாக் தீவில் இறக்கி வைத்த காலம் இந்த ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது. அதிகாரி வந்தால் ஆளைப் பிடித்துப் போவார் என்ற பயம் ஒரு தலைமுறையில் போய்விடாது. காசநோயில் அது இன்றும் தெரிகிறது. மலேசியாவில் ஆண்டுக்குச் சுமார் 25 ஆயிரம் பேருக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. குறைந்தது ஆறு மாதம் மருந்து. அதை விழுங்குவதை ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இரண்டாவது மாதத்தில் இருமல் நின்றுவிடும், நோயாளி வேலைக்குப் போய்விடுவார், மருந்து நின்றுவிடும். அப்போது வீட்டுக்குப் போய் அழைத்து வருகிறவர் ஆறு மாத ஒப்பந்தத்தில் இருந்தால், சிகிச்சை முடியும் முன்னே அவரே போய்விடுவார்.

இனி, இதற்குச் சான்று உண்டா என்ற கேள்வி. நான் எப்போதும் சொல்லும் இரண்டு சம்பவங்கள். ஒன்று நம் ஊர்க்காரருடையது. 1879இல் பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பி, சூலியா தெருவில் மருத்துவம் பார்த்த வூ லியன் டேயைப் பலருக்குத் தெரியும். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக்கை அடக்க அனுப்பப்பட்டார். பஞ்சும் மெல்லிய துணியும் வைத்த முகக்கவசத்தைப் பரப்பினார். அந்தக் கொள்ளைநோயில் சுமார் 60 ஆயிரம் பேர் இறந்தார்கள். கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமானது அதற்குப் பிறகு அவர் செய்தது. நோய் அடங்கிய பின், 1912இல், வட மஞ்சூரிய பிளேக் தடுப்புச் சேவை என்று ஒரு நிரந்தர அமைப்பை நிறுவினார். சுங்க வரி வருமானத்தில் இருந்து அதற்கு ஆண்டுதோறும் பணம் வந்தது. பிளேக் இல்லாத ஆண்டுகளிலும் மருத்துவமனை, ஆய்வுக்கூடம், ஆட்கள் எல்லாம் இருந்தன. மற்ற நோய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1920, 21இல் பிளேக் திரும்பி வந்தபோது இறந்தவர்கள் சுமார் 9,300 பேர். இந்த வித்தியாசம் முழுக்க அந்தச் சேவையால்தான் என்று சொல்ல முடியாது. இரண்டு கொள்ளைநோய்களும் பரவிய சூழல் ஒன்றல்ல. ஆனால் இரண்டாவது தடவை ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று நியூயார்க் நகரம். காசநோய் ஒழிந்து வருகிறது என்று நினைத்து 1970களில் அதற்கான நிதியையும் கிளினிக்குகளையும் சுருக்கினார்கள். 1978இல் 1,300 அளவில் இருந்த நோயாளிகள் 1992இல் 3,811 ஆனார்கள். மருந்துக்கு மசியாத காசநோயும் பரவியது. ஆளெடுத்து, வீடு தேடிப்போய் மருந்து கொடுத்து, மருத்துவமனைகளைச் சீர்செய்து அதைத் திரும்ப அடக்க ஆன செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது என்று அந்த வேலையை நடத்தியவர்களே கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே எச்.ஐ.வி.யும் வீடற்றோர் பெருக்கமும் சேர்ந்துகொண்டன என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும் மருந்து விழுங்குவதைப் பார்க்கும் ஆட்கள் தெருவில் இறங்கிய இரண்டே ஆண்டில் நோயாளிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லத்தான் வேண்டும். ஆள் இருந்தால் எல்லாம் தடுக்கலாம் என்பது தவறு. 1998, 99இல் நிப்பா வந்தபோது பேராவிலும் நெகிரி செம்பிலானிலும் ஆட்கள் கடுமையாகத்தான் உழைத்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். நோய் பன்றிகளிடமிருந்து வந்தது. அது புதிய வைரஸ் என்பதை மலாயா பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் 1999 மார்ச்சில் கண்டுபிடித்த பிறகே திசை மாறியது. 105 பேர் இறந்துவிட்டார்கள். ஆய்வுக்கூடமும், களத்தில் "இந்த நோயாளிகள் எல்லாரும் பன்றிப் பண்ணைக்காரர்களாக இருக்கிறார்களே" என்று கேட்கிறவரும் இரண்டுமே வேண்டும். புகை அடிப்பதும் அப்படித்தான். பறக்கிற கொசு சாகிறது, புழு சாகாது. நோய் பரவலை அது எவ்வளவு குறைக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. வெளியே தெரிகிற வேலை என்பதால் அரசியல்வாதிகளுக்கும் மக்களுக்கும் பிடிக்கிறது. கூடுதல் பணம் கிடைத்து அது முழுக்கப் புகை இயந்திரத்துக்கும் குத்தகைக்காரருக்கும் போனால் நான் அதை முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன்.

இத்தனை ஆயிரம் பேருக்கு ஓர் ஆய்வாளர் என்று எல்லா ஊருக்கும் பொருந்துகிற கணக்கும் கிடையாது. அடுக்குமாடி நெருங்கிய பாயா தெருபோங்கிற்கும் பழைய தோட்டப்புறங்கள் சிதறிக் கிடக்கும் செபராங் பிறை செலாத்தானுக்கும் ஒரே விகிதம் எப்படிப் பொருந்தும்? தடுப்புக்குப் போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் இத்தனை வெள்ளி திரும்பும் என்று மேடையில் சொல்லும் எண்களையும் நான் பயன்படுத்துவதில்லை. தடுப்பூசிக்கு அந்தக் கணக்கு ஓரளவு நேராக வரும். ஆள் சம்பளத்துக்கு அப்படி வராது, வராமல் போன நோயை எண்ண வழி இல்லாததால்.

இப்போது உங்கள் மதிப்பீட்டு வரி யோசனைக்கு வருகிறேன். கணக்கைக் கேட்டால் சாத்தியம் போலத்தான் இருக்கும். 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சம்பளம், சேமநிதி, பயணப்படி எல்லாம் சேர்த்து மாதம் 4,000 வெள்ளி. ஆண்டுக்கு 28 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளி ஆகிறது. வரி கட்டுகிற வீடுகளும் கடைகளும் நான்கு லட்சம் என்று ஒரு கணக்குக்காக எடுத்துக்கொண்டால் தலைக்கு 7 வெள்ளி 20 காசு. ஒரு நேர நாசி கண்டார் விலைகூட இல்லை. இவை என் உதாரண எண்கள். மன்றத்தின் கணக்கு அல்ல. ஆனால் அளவு இந்த ரகம்தான்.

அப்படியானால் ஏன் நான் முழுதாக ஆதரிக்கவில்லை? இங்கிலாந்து 2013இல் பொதுச் சுகாதாரத்தை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. அதற்காகக் கொடுத்த மானியத்தை வேறு எதற்கும் தொடக் கூடாது என்று வேலியும் போட்டது. வேலி இருந்தது, உள்ளே இருந்த பணம் தேய்ந்தது. 2015க்குப் பிறகு பத்தாண்டுக்குள் ஒரு தலைக்கான உண்மை மதிப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. உள்ளூர்க் கணக்கில் போட்டால் காப்பாற்றிவிடலாம் என்பதற்கு அது நல்ல சாட்சி இல்லை. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. பினாங்கு மன்றங்களால் தாங்க முடிவதைக் கடாவிலோ பெர்லிஸிலோ உள்ள சின்ன மன்றத்தால் தாங்க முடியாது. சுங்கை பட்டாணியில் தூங்கி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து, தினமும் பாலத்தைக் கடக்கிற ஒருவரின் காசநோயை எந்த மன்றத்தின் கணக்கில் எழுதுவது? நோயாளியை விசாரிப்பது, தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவது, காசநோய் மருந்து, தடுப்பூசி ஆகியவற்றுக்கான ஆட்கள் கூட்டரசின் நிரந்தரப் பதவிகளாகவே இருக்க வேண்டும் என்பது என் தீர்மானம். ஒரு மாவட்டத்தில் ஒருவரை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கவும் வேண்டும். பதவி உயர்வு கிடைத்தவுடன் வேறு மாநிலத்துக்குத் தூக்கிப் போடுகிற வழக்கம் ஒப்பந்தம் முடிவதற்கு எந்த விதத்திலும் குறைந்த இழப்பல்ல.

மாநகர் மன்றம் செய்ய வேண்டியதும் செய்யக்கூடியதும் கொசுப் பெருகும் இடங்களைத் தேடும் நிரந்தரக் குழு, எலி, வடிகால், கட்டுமானத் தளங்கள். அதற்கு உங்கள் ஏழு வெள்ளி பொருந்தும். மாநில அரசு வாகனமும் எரிபொருளும் பயிற்சியும் கொடுத்து உதவலாம். கார் இல்லாமல் ஆய்வாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாளின் சம்பளமும் செலவாகித்தான் போனது. பெரிய நோய் வந்தால் கூடுதல் ஆள் தேவைப்படும் என்பதையும் நான் மறுக்கவில்லை. 60 பேரை 600 பேராக்க முடியும், அந்த 60 பேர் ஏற்கெனவே இருந்து சொல்லிக்கொடுத்தால். ஓய்வு பெற்ற தாதியர், செயின்ட் ஜான் போன்ற அமைப்புகளின் தொண்டர்கள், டிங்கிக்காகத் தாமான்களில் இயங்கும் 'கோம்பி' குழுக்கள் ஆகியோரின் பெயர்ப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து இரண்டு நாள் பயிற்சி கொடுக்க அதிகம் செலவாகாது. கோவிட் வந்தபோது அந்தப் பட்டியலை அவசர அவசரமாக உருவாக்கினோம். இப்போது அமைதியாக உருவாக்கலாம்.

பணமே இல்லை என்ற பேச்சை நம்பாதீர்கள். சுகாதார அமைச்சுக்கு 2024இல் 41.2 பில்லியன் ரிங்கிட், 2025இல் 45.3 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. 2023 ஜூனில் மக்களவை ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, சுகாதாரத்துக்கான அரசாங்கச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டை நோக்கி உயர்த்துவது பற்றியும், நோய் வரும் முன் காப்பதை முன்னுக்குக் கொண்டுவருவது பற்றியும் பேசுகிறது. ஆனால் பெரிய ஒதுக்கீட்டுக்குள்ளே மருத்துவமனைதான் முதலில் சாப்பிடும். படுக்கை கிடைக்காத நோயாளியின் குடும்பம் நாளிதழுக்குப் போகும். டிங்கி வராமல் தப்பியவருக்குத் தான் தப்பியதே தெரியாது.

ஆகவே உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமோ நாடாளுமன்ற உறுப்பினரிடமோ போகும்போது "எவ்வளவு ஒதுக்கினீர்கள்?" என்று கேட்காதீர்கள், அதற்கு எப்போதும் ஒரு பெரிய எண் தயாராக இருக்கும். "எங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் தொற்றுநோய்ப் பிரிவுக்கு ஒப்புதல் பெற்ற நிரந்தரப் பதவிகள் எத்தனை, அவற்றில் இன்று நிரம்பியிருப்பவை எத்தனை, ஒப்பந்தத்திலும் தினக்கூலியிலும் இருப்பவர் எத்தனை, ஒருவர் சராசரியாக எத்தனை ஆண்டு அங்கே இருக்கிறார்?" என்று கேளுங்கள். எழுத்து மூலம் கேட்டால் எழுத்து மூலம் பதில் வரும். அக்டோபரில் கூட்டரசு பட்ஜெட் வரும் முன்பே கேட்க வேண்டும். பிறகு கேட்டால் அடுத்த ஆண்டுதான். மன்ற அளவில் பினாங்கிற்கு முன்னனுபவம் உண்டு. 2012இல் தொடங்கிய ஒரு முயற்சியில், ஜாலான் சுங்கை, அம்பாங்கான் மக்கள் வீடமைப்புத் திட்டங்களின் குடியிருப்பாளர்களே தங்கள் இடத்துக்கான நிதி எதற்குப் போக வேண்டும் என்று வாக்களித்தார்கள். கொசுத் தேடும் நிரந்தரக் குழுவையும் அந்த மாதிரி வாக்குக்கு வைக்கச் சொல்லலாம்.

உங்கள் தங்கைக்கு: திரும்ப ஒப்பந்தம் வந்தால் போகட்டும், ஆனால் மூன்றைப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஒப்பந்தம் ஓராண்டுக்குக் குறையாமல் இருக்கிறதா, களத்தில் ஒரு மூத்தவரோடு சேர்த்து அனுப்புவார்களா, சேமநிதியும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியும் கட்டுவார்களா. விசாரித்த நோயாளிகள், சென்ற பகுதிகள், கற்ற பயிற்சிகளைத் தேதியோடு தனி நோட்டில் எழுதி வைக்கட்டும். நோயாளியின் பெயர் மட்டும் அதில் வேண்டாம். முடியும்போது அதிகாரியின் கையெழுத்தோடு பணிச் சான்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள். எஸ்.பி.எம்.மில் அறிவியல் பாடங்கள் இருந்தால் சுற்றுப்புறச் சுகாதார டிப்ளமாவுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நிரந்தரப் பதவி விளம்பரம் வரும்போது பொதுச் சேவை ஆணையம் முதலில் பார்ப்பது அந்த டிப்ளமாச் சான்றிதழைத்தான். நேர்முகத் தேர்வில் அந்த நோட்டு கையில் இருந்தால் பேசுவதற்கு விஷயம் இருக்கும்.